கல்லின் கடைசி வரி

“இந்த வருஷம் அம்மாவையும் கூட்டிட்டுப் போறோம்க்கா” என்று வாசலிலேயே சொல்லிவிட்டான் சின்னவன். நல்ல செய்தி கொண்டுவந்த களிப்பு அவனுக்கு. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதோடு உள்ளே வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்து அப்போதுதான் பெரியவள் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். “எங்கே?” என்று கேட்டாள், ஒன்றும் தெரியாதவள் போல.

“எங்கேயா? நினைவு நாள்ல ஊரே கல்லறைக்குப் போகும். நாம மட்டும் சினிமாவுக்கா போகப்போறோம்? ஸ்கூல் வேன் அன்னைக்கு சும்மாதான் நிக்கும். ஓனர்கிட்ட கேட்டுட்டேன். பின்சீட்டை மடக்கிட்டா சக்கர நாற்காலி அப்படியே உள்ள போயிடும்.”

“அம்மாவால அவ்வளவு தூரம் குலுங்கிட்டு வர முடியுமாடா? இடுப்பு என்னத்துக்கு ஆகும்?”

“அதை நீ அம்மாகிட்டயே கேளு. தினம் போன் பண்ணி என் உயிரை வாங்குது.”

உள்ளறைக் கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கண் மங்கிப்போன பிறகு அவளுக்குக் காது கூர்மையாகிவிட்டது. “ஒரே ஒரு தடவைடி. தொட்டுப் பார்த்துட்டு வந்துடறேன். அப்புறம் எங்கயும் கூட்டிட்டுப் போன்னு கேக்கவே மாட்டேன்.”

“நான்தான் வருஷா வருஷம் போயி எல்லாம் பண்றேனேம்மா.”

“நீ பண்றடி, யாரு இல்லேன்னா? நீ போறதாலதான் நான் நிம்மதியா படுத்திருக்கேன். இந்தத் தடவை நானும் வரேன், அவ்வளவுதான்.”

பெரியவள் டீயை வடிகட்டினாள். பாதி தம்ளரிலும் பாதி மேடையிலும் விழுந்தது. அவள் அந்தப் பக்கம் தலைகாட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட வருஷம் தொடங்கியது இது. அந்த வருஷம் உண்மையாகவே போக முடியவில்லை. பண்டிகை, விடுமுறை என்றால் ஆஸ்பத்திரியில் துப்புரவுக்கு ஆள் வரமாட்டார்கள், வருகிறவர்கள் தலையில் மொத்த வேலையும் விழும். மாலையில் வீட்டுக்கு வந்தபோது, கட்டுப்போட்டுப் படுத்திருந்த அம்மா “போயிட்டு வந்தியாடி?” என்று கேட்டாள். கேட்ட முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போனேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தைதானே, நோயாளிக்கு ஆறுதல் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

அடுத்த வருஷம் மழை. அதற்கடுத்த வருஷம் மழையும் இல்லை, வேலையும் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாகக் கவனிக்காத கல் என்ன கோலத்தில் கிடக்குமோ, பக்கத்துக் கல்லுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சமாக இருந்தது. போகாமல் இருந்ததே போகவிடாமல் செய்தது. அன்று முழுக்க ஒரு கடைத்தெருவில் மூடிய கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டு, செருப்பில் கொஞ்சம் மண்ணை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பொய்யில் ஒரு சௌகரியம், பழகப் பழக அது தானாக வளரும். வெறும் “போனேன்” அம்மாவுக்குப் போதவில்லை. கூட்டம் இருந்ததா, களை பிடுங்கினாயா, பக்கத்துக் கல் டீச்சரம்மா வந்தாளா? ஆமாம், வந்தாங்க, உன்னை ரொம்ப விசாரிச்சாங்க என்றாள் பெரியவள் ஒரு வருஷம். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு நினைவு நாளிலும் அடுத்தடுத்த கல்லைத் துடைத்துத் துடைத்தே சிநேகிதமானவர்கள் இருவரும். அதிலிருந்து டீச்சர் வருஷம் தவறாமல் விசாரிக்கத் தொடங்கினாள். அவளுக்கு மூட்டுவலிகூட வந்தது, போன வருஷம் குணமும் ஆனது. சின்னவன் வேறு ஊரில் இருந்ததால் கேட்பார் இல்லை. அவன் இங்கே குடிவந்து முதல் நினைவு நாளில் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவளுடைய அதிர்ஷ்டம் அதோடு தீர்ந்தது.

அந்தக் கல்லறைத் தோட்டம் ஊருக்கே பழையது. முன்பக்கம் தளபதிகளும் வணிகர்களும், வீடு மாதிரி கட்டின மாடங்களும், நங்கூரம் செதுக்கின கப்பல் கேப்டன்களும். அவர்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வருவார்கள். பின்மதில் ஓரம் சாதாரண ஜனம். புதிதாக யாருக்கும் இடம் கிடையாது, பழைய குடும்பக் கல் இருந்தால் அதே குழியில் சேர்த்துக்கொள்வார்கள். துறைமுகக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்து நாலு காசு பார்த்த கொள்ளுத்தாத்தா செய்த ஒரே ஆடம்பரம் அந்தக் கல். மேலே அவர் பெயர் பெரிய எழுத்தில். அதற்குக் கீழே அவர் மனைவி, பிறகு தாத்தா, பாட்டி, பிறகு அப்பா. அதன்கீழ் அம்மாவுக்கு விட்ட இடம் காலி. எல்லாவற்றுக்கும் அடியில், கல் மண்ணைத் தொடுகிற இடத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி.

அது பெரியவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளை. சில நாளே இருந்தான். அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் கொடுக்கவில்லை, அவர்களே எங்கோ அடக்கம் செய்துவிட்டார்கள். காகிதத்தில் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் எழுதினார்கள். அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் வைத்திருந்த பெயரை அப்பா கல்தச்சரைப் பிடித்து வெட்டவைத்தார். “நம்ம கால்மாட்டுலயே இருக்கட்டும், பிள்ளைங்க அங்கதானே தூங்கும்” என்றாராம். அதன் பிறகு வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. சொன்னால் அம்மா இரண்டு நாள் சாப்பிடமாட்டாள் என்று அப்பாவே தடைபோட்டிருந்தார். முன்னால் வந்தவன் நிற்காததால் பெரியவளுக்குப் பெரியவள் பட்டம். சிறுமியாக இருந்தபோது, நினைவு நாளில் அம்மா மண்டிபோட்டு அந்த அடிவரியில் விரலை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறாள். தூசி துடைக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தாள், குனிந்து படித்துப் பார்த்ததில்லை.

நினைவு நாளுக்கு முந்தின மதியம் சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பையில் கையுறை, கம்பி பிரஷ், பழந்துணி, கொஞ்சம் சோப்புத்தூள். கூடவே ஒரு ஆசிட் பாட்டில். ஆஸ்பத்திரிச் சாமானில் ஒரு சோப்புத் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவள் அவள். அன்று ஸ்டோர் ரூமில் பாட்டிலைப் பைக்குள் வைக்கும்போது கை தானாகவே துணியை எடுத்து மேலே மூடியது.

தோட்டத்து வாசலில் காவல்காரர் பூக்கடைக்காரர்களோடு இடத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வாய் ஓயாமல் பேசுகிற மனிதர்.

“பின்மதில் பக்கம், கிடங்கு மேஸ்திரி கல்லு... எந்த வழிங்க?” என்று கேட்டாள் பெரியவள். மரங்கள் வளர்ந்து பாதைகள் மாறியிருந்தன.

“சொந்தக் கல்லுக்கே வழி கேக்கறீங்களா? பரவாயில்ல, பரவாயில்ல. இன்னைக்கும் நாளைக்கும் எல்லாரும் பாசக்காரங்கதான். நாளான்னைக்கு வந்து பாருங்க, நானும் காக்காவும்தான் இருப்போம்.” சிரித்துக்கொண்டே கூட நடந்தார். “அந்தா, டீச்சரம்மா கல்லுக்குப் பக்கத்துல.”

“டீச்சர் வந்திருக்காங்களா?”

காவல்காரர் நின்றார். “வந்துட்டாங்களே, நிரந்தரமா. உங்களுக்குத் தெரியாதா?”

பக்கத்துக் கல்லில் டீச்சரின் கணவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. அதன் அருகில் வருஷம். அம்மா விழுந்ததற்கு அடுத்த வருஷம் அது. அப்படியென்றால் மூட்டுவலி வந்தது யாருக்கு, குணமானது யாருக்கு? பெரியவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. செத்துப்போனவள் வாயில் இத்தனை வருஷமாக நலம் விசாரிப்பைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அம்மாவும் பதிலுக்கு “நான் ரொம்பக் கேட்டேன்னு சொல்லுடி” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

காவல்காரர் ஏதோ சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவிட்டார். அவள் தன் கல்லைத் தேடினாள். கொடி ஏறி மூடியிருந்தது. கொடியைப் பிய்த்தால் உள்ளே புகை படிந்த சட்டியின் அடி மாதிரி கறுப்பு. பாசி காய்ந்து, அதன்மேல் பாசி படர்ந்து, அதுவும் காய்ந்து தோலாக இறுகியிருந்தது. அப்பாவின் பெயர் எங்கே என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. “மன்னிச்சுடுப்பா” என்று சொல்ல வந்தாள். அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. களையைப் பிடுங்கத் தொடங்கினாள்.

களை பிடுங்கி, மண்ணைக் கொத்தி, குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றித் தேய்த்தாள். கறுப்பு அசையவில்லை. சோப்புத்தூள் போட்டாள், அதற்கும் மசியவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கையுறையைப் போட்டுக்கொண்டு பாட்டிலைத் திறந்தாள்.

ஆசிட் அவளுடைய தொழில். ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் பூத்துக் கெட்டித்துப்போன பீங்கானை இவளிடம்தான் விடுவார்கள். ஊற்றியதும் உஸ்ஸென்று நுரைக்கும். நுரைத்தால் அழுக்கு விடுகிறது என்று அர்த்தம், நுரை நின்றால் அழுக்கு தீர்ந்தது என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. பீங்கானும் டைல்ஸும் தவிர வேறு எதன்மேலும் ஆசிட்டை ஊற்றிப் பார்க்கிற வாய்ப்பு அவளுக்கு வந்ததில்லை.

கல்லில் ஊற்றினாள். நுரைத்தது. அப்படி ஒரு நுரையை அவள் கழிப்பறையில்கூடப் பார்த்ததில்லை. எவ்வளவு அழுக்கை இத்தனை வருஷமாகச் சேரவிட்டிருக்கிறோம் என்று மனம் குறுகியது. கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கக் கறுப்புத் தோல் வழிந்து மண்ணில் ஓட, அடியிலிருந்து வெள்ளை எழுந்தது. உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் ஊற்றினாள், இன்னும் நுரைத்தது. நுரை நிற்கவேயில்லை, அதனால் அவளும் நிறுத்தவில்லை. அடிப்பக்கம்தான் அழுக்கு அதிகம். மண்ணை ஒட்டி, கீறல் கீறலாகக் கறுப்பு புகுந்து உட்கார்ந்திருந்தது. மிச்சமிருந்ததை முழுக்க அங்கே கவிழ்த்து, பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்து, முதுகு ஒடியத் தேய்த்தாள்.

கழுவி விட்டு நிமிர்ந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. ஈரத்தில் கல் பளபளத்தது. கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரிந்தது, அப்பாவின் பெயர் தெரிந்தது. வரிசையிலேயே இவள் கல்தான் வெள்ளை. வருஷா வருஷம் வந்து துடைத்திருந்தாலும் இப்படி இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், தான் சொன்ன பொய்யெல்லாம் ஒரே மதியத்தில் உண்மையாகிவிட்ட மாதிரிகூட அவளுக்குப் பட்டது. ஆசிட்டால் கழுவ முடியாதது ஒன்றுமில்லை என்று அன்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

மறுநாள் காலை பனி விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது. தெருவெல்லாம் கடை அடைப்பு, தோட்டத்து வாசலில் மட்டும் திருவிழாக் கூட்டம். பூ, மெழுகுவத்தி, வாளி, துடைப்பம், குழந்தை, ஐஸ்க்ரீம். பழைய கல்லறைகளைப் பாதுகாக்கிற சங்கத்துக்காரர்கள் ஒரே நிறச் சட்டையில் கேப்டன்களையும் தளபதிகளையும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவன் அம்மாவை நாற்காலியில் வைத்துத் தள்ளினான். அம்மா நல்ல உடை உடுத்தி, தலையை வாரிப் பின்னி, கல்யாணத்துக்குப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். ஒரு பையில் பிரெட்டும் வேகவைத்த முட்டையும் பிளாஸ்கில் டீயும். எல்லாம் முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம்.

“பள்ளம் வருதும்மா, கெட்டியாப் புடிச்சுக்கோ.”

“நான் புடிச்சிருக்கேன். நீ ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற வேகத்துல போகாதே. இங்க இருக்கறவங்க யாருக்கும் பெல் அடிக்கப்போறதில்ல.”

சின்னவன் சிரித்தான். அம்மா அவனை இடையில் ஒருமுறை அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள். இப்போதெல்லாம் அப்படித்தான், பேச்சு நடுவில் ஆள் மாறிவிடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

“அக்கா!” என்று தூரத்திலிருந்தே கத்தினான் சின்னவன். “அதுவா நம்ம கல்லு? எவ்வளவு வெள்ளையா வச்சிருக்க! அம்மா, உன் பொண்ணு கைவேலையைப் பார்த்தியா, இங்க இருக்கற அத்தனை கல்லும் நம்ம முன்னாடி அழுக்கு மூட்டை.”

“எனக்குத் தெரியும்டா. அவ தொட்டா கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றாள் அம்மா.

பெரியவள் கிட்டே போனாள். கல் காய்ந்திருந்தது. பளபளப்பைக் காணோம். உப்புப் பூத்த மாதிரி, சர்க்கரையை அப்பிவைத்த மாதிரி சொரசொரவென்று ஒரு வெளுப்பு. கொள்ளுத்தாத்தா பெயர் பாதி தெரிந்தது. அப்பாவின் பெயர் கையால் அழித்த சிலேட்டு எழுத்துப் போல இருந்தது, தெரிந்தவர்கள்தான் படிக்க முடியும். நேற்று ஈரம் இருந்ததால் தெரிந்திருக்கிறது. அடியில் பார்த்தாள், அடியில் ஒன்றுமே இல்லை. விரலால் தடவினாள். மாவு மாதிரி வெள்ளைப் பொடி விரலில் ஒட்டியது.

“டீச்சர் வந்துட்டாங்களாடி?” என்று கேட்டாள் அம்மா.

“இன்னும்... இன்னும் வரலம்மா.”

சொல்லும்போதே, வெயில் நேராக டீச்சரின் கல்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

சங்கத்து அம்மா ஒருத்தி, கையில் மெல்லிய பிரஷ்ஷும் தண்ணீர்ப் புட்டியுமாக அந்த வழியே வந்தவள், கல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். “ஐயையோ! யாருங்க இதுக்கு ஆசிட் ஊத்தினது?”

அவளே குனிந்து கல்லை விரலால் தடவிப் பார்த்தாள்.

“பளிங்குங்க இது, ஆசிட் பட்டா கல்லே கரைஞ்சு போயிடும். நூறு வருஷத்துக் கல்லு! உங்களுதா?”

“எங்களுதுதான்” என்றான் சின்னவன், ஒன்றும் புரியாமல்.

“நீங்களா ஊத்தினீங்க?”

அவள் பெரியவளைப் பார்த்துத்தான் கேட்டாள். பெரியவளின் நாக்கு வழக்கமான தடத்தில் ஓடியது. “தெரியலைங்க. நாங்க இப்பத்தான் வர்றோம்.”

“அப்ப இந்த ஆளுதான்!” சங்கத்து அம்மா திரும்பிக் கைதட்டிக் காவல்காரரைக் கூப்பிட்டாள். “வாங்க இங்க! நினைவு நாளுக்குச் சுத்தம் பண்றேன்னு ஆசிட் தொடாதீங்கன்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? சீக்கிரம் முடிஞ்சா போதும் உங்களுக்கு. இன்னைக்கே நிர்வாகத்துல சொல்றேன், நீங்க இங்க இருக்கவே வேண்டாம்.”

காவல்காரர் தொப்பியைக் கழற்றினார். முதலில் கல்லைப் பார்த்தார், பிறகு பெரியவளைப் பார்த்தார். “நானாங்க? இந்தம்மாதானே நேத்து வாளியும் பிரஷ்ஷுமா தேச்சுட்டு இருந்தாங்க!”

“யோவ்” என்று சின்னவன் நாற்காலியை விட்டுவிட்டு முன்னால் வந்தான். “யாரைப் பார்த்துச் சொல்ற? எங்கக்கா வருஷா வருஷம் வந்து இந்தக் கல்லைக் கண்ணு மாதிரி பார்த்துக்குது.”

“வருஷா வருஷமா? ஏம்பா, நான் இங்கயே கிடக்கறவன். நேத்துதான் இந்தம்மா முகத்தையே பார்க்கறேன். வழி கேட்டுத்தானே வந்தாங்க? பக்கத்துல டீச்சரம்மா போயி எத்தனை வருஷம் ஆச்சு, அதுகூட அவங்களுக்குத் தெரியல. என் பொழைப்புல மண்ணைப் போடாதீங்கம்மா, சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க!”

சின்னவன் அவர் சட்டையைப் பிடிக்கக் கை ஓங்கிவிட்டான். சுற்றிலும் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியவளுக்குக் காதெல்லாம் கொதித்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அம்மா நாற்காலியில் தலையைச் சாய்த்து, குரல்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“விடுடா அவரை. நான்தான்” என்றாள் பெரியவள்.

“என்ன நான்தான்?”

“ஆசிட் ஊத்தினது நான்தான். ஆஸ்பத்திரில இருந்து கொண்டுவந்தேன். அழுக்கு போகும்னு நினைச்சேன்.” நிறுத்தினாள். இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். “அவர் சொல்றது அத்தனையும் நிஜம். அம்மா விழுந்ததுல இருந்து நான் ஒரு வருஷம்கூட இங்க வரல.”

சின்னவன் கையை இறக்கினான். அக்காவைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தான். “அப்ப என்கிட்ட போன்ல சொன்னதெல்லாம்? பூ வச்சேன், களை புடுங்கினேன்னு?” பதில் வருவதற்குள் “தூ” என்று சொல்லிவிட்டு வேன் நின்ற பக்கம் நடந்துவிட்டான். அக்காவை அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. காவல்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். “வாயைத் திறந்து சொல்ல இவ்வளவு நேரமாம்மா?” என்று முணுமுணுத்தபடி வாசலுக்குப் போனார். சங்கத்து அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நாற்காலியில் இருந்தவளைப் பார்த்துவிட்டுத் தன் கேப்டன்களிடம் திரும்பிப் போய்விட்டாள்.

அம்மாவும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

“என்னைக் கீழ இறக்குடி” என்றாள் அம்மா.

“மண்ணு ஈரமா இருக்கும்மா. இடுப்பு...”

“இறக்கு.”

அக்குளில் கைகொடுத்து, தன் முட்டியில் சாய்த்து, மெதுவாக இறக்கினாள். அம்மா மண்ணில் உட்கார்ந்து கல்லைத் தேடிக் கையை நீட்டினாள். மேலே தடவவில்லை, அப்பாவின் பெயரைக்கூடத் தேடவில்லை. நேராக அடிக்குப் போனது கை. இடமிருந்து வலம் போனது, திரும்பி வந்தது, கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தது, மண்ணை நகர்த்திக் கீழே போய்ப் பார்த்தது.

“இங்கதான் இருந்தது” என்றாள்.

“இல்லம்மா. போயிடுச்சு. நான்தான் அழிச்சுட்டேன்.” பெரியவளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. “என்னைத் திட்டும்மா. என்ன வேணா சொல்லு. புதுசா வெட்ட வச்சுடறேன், அதே இடத்துல, அதே மாதிரி சின்ன எழுத்துல. நீ பேரை மட்டும் சொல்லு, இன்னைக்கே போய் ஆளைப் புடிக்கறேன்.”

அம்மாவின் விரல் இன்னும் தேடிக்கொண்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “தம்பி பக்கத்துல இருக்கானா?”

“இல்லம்மா. வேன்கிட்ட போயிட்டான்.”

“வேற யாராவது?”

“யாரும் இல்ல.”

“எனக்கு மறந்துபோச்சுடி.”

பெரியவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“அவன் பேரு” என்றாள் அம்மா. “இந்த வருஷ மழைக்கு முன்னாடியே போயிடுச்சு. தினம் காலைல கண்ணு முழிச்சதும் மனசுக்குள்ள ஒரு தடவை சொல்லிக்குவேன், உங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது. ஒரு நாள் தேடறேன், இல்ல. தொண்டை வரைக்கும் வருது, அப்புறம் காணோம். எது எதுவோ மறக்குது, மறந்துட்டுப் போகுது. பெத்த பிள்ளை பேரு மறக்குமாடி ஒருத்திக்கு? இதை யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? உங்ககிட்ட கேக்கவும் வெக்கம், கேட்டாலும் உங்களுக்கு என்ன தெரியும். கல்லுல இருக்கே, ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டா பிடிச்சுக்கலாம்னுதான் தம்பி உயிரை எடுத்து வந்தேன்.”

வெள்ளைப் பொடி அப்பிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள். சட்டென்று ஏதோ தோன்றியவள் போல முகத்தைத் தூக்கினாள். மங்கிய கண்கள் மகள் முகம் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தன.

“நேத்து நீ தேச்சியேடி! தேய்க்கும்போது பார்த்திருப்பியே. படிச்சிருப்பியே. என்னன்னு இருந்தது?”

பெரியவள் பார்த்திருக்கிறாள். கறுப்பு அங்கேதான் விடாமல் இருந்தது, எழுத்துக்குள் புகுந்து எழுத்தாகவே நின்றது. அவள் அதை அழுக்கு என்று நினைத்து இரண்டு கையாலும் தேய்த்தாள். ஒரு எழுத்தைக்கூடப் படிக்கவில்லை.

இரண்டு மூன்று பெயர்கள் நாக்குநுனிக்கு வந்தன. நல்ல பெயர்கள், அந்தக் காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்கள். எதைச் சொன்னாலும் இந்த முகம் மலரும். எதைச் சொன்னாலும் அம்மா அதை நாளைக் காலையில் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்வாள். வெட்டவும் வெட்டலாம். டீச்சருக்கு மூட்டுவலி கொடுத்தவளுக்கு ஒரு பெயர் கொடுப்பது பெரிய காரியமா? வாயைத் திறந்தாள்.

“படிக்கலம்மா” என்றாள்.

அம்மாவின் முகம் அப்படியே கொஞ்ச நேரம் நிமிர்ந்திருந்தது, சரியாகக் காதில் விழவில்லை என்பது போல. பிறகு மெல்லத் தாழ்ந்தது. கையை நீட்டி மகளின் கையைத் தேடிப் பிடித்தாள். பிடியில் கோபம் இல்லை.

“ஏதாவது ஒரு பேரைச் சொல்லியிருக்கலாமேடி. நீ சொன்னா நான் நம்பியிருப்பேன்.”